அவதானம்: மனம் வைத்த இடம்

‘வாகன ஓட்டிகள் அவதானமாக இருக்கவும்’ என்பது இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் அன்றாடம் புழங்கும் தொடர். தமிழ்நாட்டில் அந்த இடத்தைக் ‘கவனம்’ எடுத்துக்கொண்டது. அவதானம் இங்கே அட்டாவதானி, சதாவதானி என்ற பட்டங்களோடு ஒதுங்கிவிட்டது.

வடமொழியில் ‘அவ’ என்ற முன்னொட்டும் ‘தா’ என்ற வேரும் சேர்ந்து உண்டான சொல் இது. இந்தத் ‘தா’வுக்கு வைத்தல் என்று பொருள்; ஈதலைக் குறிக்கும் ‘தா’ வேறு. மனத்தை ஓரிடத்தில் வைப்பது அவதானம். ‘சிரத்தை’யிலும் இதே வேர்தான். ‘படிப்பில் கொஞ்சம் மனசு வை’ என்று நாம் சொல்வதும் அதைத்தானே!

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே அமர்வில் நூறு செயல்களில் மனம் வைக்கும் கலையை, நிகழ்த்தினார் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர். அவதான அரங்கில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். இன்னொருவர் முதுகில் பூவோ கல்லோ எறிந்துகொண்டிருப்பார். இடையிடையே மணி அடிக்கும். எறிந்தது எத்தனை, அடித்தது எத்தனை என்று முடிவில் பிசகாமல் சொல்ல வேண்டும். இதில் மனம் நூறாகப் பிளப்பதாக நான் நினைக்கவில்லை. ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய், வைத்த இடம் மறவாமல் திரும்பி வருகிற திறமை அது.

அந்தத் திறமை எவ்வளவு அரிது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் சைமன்ஸும் சாப்ரிஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணியபடி காணொளி பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், நடுவே கொரில்லா வேடத்தில் நடந்து போன ஆளைப் பார்க்கவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. மனம் பந்தின்மேல் இருந்தது.

அப்படியானால் மனம் வைக்காத எதுவும் நம் உணர்வுக்கு எட்டாதா? எட்டாது என்பவர்கள் உண்டு. கவனமும் உணர்வும் வெவ்வேறு செயல்கள் என்று 2007இல் மூளை ஆய்வாளர்கள் கோக்கும் சுச்சியாவும் வாதிட்டார்கள். எனக்கு இவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. வெண்பாவில் மூழ்கியிருக்கும் அவதானிக்கு முதுகில் பூ விழுவது தெரிகிறதே!

ஆகவே உளவியலைத் தமிழில் எழுதுவோர் ‘விழிப்பு’ என்ற ஒரே சொல்லைக் கவனம், உணர்வு இரண்டுக்கும் போட்டுக் குழப்ப வேண்டாம். மனம் வைப்பதற்கு அவதானம் என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது, எடுத்துப் புழங்குங்கள்.