துலாவில் இருந்து மோட்டருக்கு: ஒழுகும் குழாய் ஒன்றின் கதை

போன மாரி முடிஞ்ச கையோட எங்கட கிணத்தடியில் ஒரு பிரச்சினை தொடங்கியது. மோட்டரைப் போட்டால், மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிற குழாயின் முழங்கை மூட்டில் இருந்து தண்ணீர் சீறும். நிறுத்தினால் கொஞ்ச நேரம் சொட்டும். நான் கடையில் பசை வாங்கி, ஈரத்தோடேயே மூட்டைச் சுற்றிப் பூசினேன். ரெண்டாம் நாள் பழையபடி ஒழுகியது.

அம்மா கீழே ஒரு வாளியை வைத்தா. "நிரம்பினா வாழைக்கு ஊத்துவம், விடு" எண்டா. அப்பப்பா விடவில்லை. "உது வாளித் தண்ணியில்லையடா, கிணத்துத் தண்ணி" எண்டார். அவர் இளமையில் துலா மிதித்த ஆள்.

அவர் சொன்னதின் அர்த்தம் விளங்க, யாழ்ப்பாணத்தின் தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேணும். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. புகையிலை, வெங்காயம், மிளகாய் எல்லாம் அந்தத் தண்ணீரை மேலே தூக்கித்தான் விளைந்தன.

தூக்கியது மனிதக் கால்கள். ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரம்தான் துலா. அதன் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கொடியில் கட்டிய பனையோலைப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், ஏறும். கிணற்று வாயில் ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, தோட்டத்தில் இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். சில இடங்களில் மாடுகள் சுற்றுகிற சூத்திரமும் இருந்தது.

இதை அழகான பழங்காலம் எண்டு மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. துலா மிதித்தவர்களில் கணிசமானோர் அடுத்தவர் காணியில் உழைத்தவர்கள். ஊர்க் கிணற்றில் தாங்களே அள்ள அனுமதியில்லாமல், யாராவது வந்து வார்க்கும்வரை காத்து நின்ற சாதியினரும் இதே மண்ணில்தான் இருந்தார்கள். மிசின் வந்தபோது பலருடைய காலும் முதுகும் ஆறியது உண்மை. ஆனால் துலாவில் ஒரு விசயம் இருந்தது: பட்டை ஒழுகினால் மிதிக்கிறவருடைய காலுக்கு உடனே தெரியும். தண்ணீரின் கணக்கு உடம்பில் இருந்தது.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிசின்கள் தோட்டங்களுக்குள் பரவின. பலர் சேர்ந்து அரை நாளாக இறைத்ததை ஒருவர் சில மணித்தியாலத்தில் இறைத்தார். 1970 தொடக்கம் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தக் காசுக்குப் பின்னால் ஓயாமல் ஓடிய மிசின்களும் இருந்தன. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டு விலை விழுந்தது. மிசின் நிற்கவில்லை.

அதை நிறுத்தியது 1990இல் வந்த பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த தலைமுறை அது. மிசினைக் கிளப்பச் சில துளி பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். ரெண்டும் இல்லாத இடத்தில் கழற்றிப் போட்ட துலாக்கள் திரும்ப ஏறின. அந்தக் காலத்தில் குழாய் ஒழுகினால் சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றி நிப்பாட்டுவினம் எண்டு அப்பப்பா சொல்லுவார். ஒழுகுகிற ஒவ்வொரு துளியும் எண்ணெய்.

இப்ப சுவிச்சைப் போட்டால் தண்ணீர். கணக்கு மாத முடிவில் வருகிற மின்சாரப் பட்டியலோடு முடிகிறது. ஆனால் கிணற்றுக்குள் இன்னொரு கணக்கு ஓடுகிறது. எங்கட நன்னீர், கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு வில்லை போன்றது. நிலாவரைக் கிணற்றின் மேல்பகுதி நன்னீராயும் ஆழம் உவராயும் இருப்பது இதனால்தான். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படிப்பவர்களின் அடிப்படைக் கணக்கு. திருப்பிப் பாருங்கோ: மேலே 1 அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்பு 40 அடி ஏறலாம். "கிணத்துத் தண்ணி" எண்டு அவர் சொன்னது இதைத்தான்.

ஒரு வாளியால் உவர் ஏறிவிடாதுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாளி இருக்கிறது.

கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்து பிழையைத் தேடினோம். மோட்டர் ஓடும்போது சீறினால் ஓட்டை ஏற்றுகிற பக்கம். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை எண்டால் வெளியே சீறாது. உள்ளே காற்றை இழுக்கும், தாங்கியில் தண்ணீர் விட்டுவிட்டு விழும். எங்களுடையது முதலாவது வகை. காரணம் பசையில் இல்லை: குழாயைச் சுவரோடு பிடிக்கிற கிளிப் கழன்றிருந்தது. மோட்டரின் அதிர்வு முழுக்க அந்த ஒரு மூட்டில். நிறுத்தும்போது மேலே நிற்கிற தண்ணீர் திரும்பி இறங்கி அடிக்கிற அடியும் அங்கேதான்.

மூட்டை வெட்டி எடுத்தோம். குழாய் முனையைத் துடைத்து, காயவிட்டு, மட்டத்தாளால் உரஞ்சி, ரெண்டு பக்கமும் பசை பூசி, முழு ஆழத்துக்கும் தள்ளினோம். கிளிப்பைத் திரும்ப இறுக்கினோம். ஒரு இரவு மோட்டர் போடவில்லை.

விடிய அம்மா மோட்டரைப் போட்டா. அப்பப்பா கிட்டப் போய் மூட்டைக் கையால் தடவிப் பார்த்தார். கை காய்ந்திருந்தது. வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.