ஐந்து பேர் கொண்ட அட்டை

எங்கள் வீட்டு பீரோவில், கேஸ் புத்தகத்துக்கு அடியில், பழைய குடும்ப அட்டை ஒன்று இருக்கிறது. சிலோனிலிருந்து வந்தவர்களுக்கு 1972-இல் மண்டபம் முகாமில் கொடுத்தது. தாத்தா, அப்பாயி, அப்பா, சித்தப்பா, சின்ன அத்தை என ஐந்து பெயர்கள். ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் அப்பாயி “ஆறு” என்றுதான் சொல்லும். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடமும் அப்படியே சொல்லி, அப்பா திருத்த வேண்டியதாயிற்று.

ஆறாவது ஆள் பெரியத்தை. கல்யாணமாகி, அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்துவிட்டவர்.

ஏன் இருந்துவிட்டார் என்பதற்கு வீட்டில் யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. படித்துத் தெரிந்துகொண்டதுதான். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள்.

நான் தரவுத்தளங்களோடு பிழைப்பவன். ஒரு தொகையை முதலில் எழுதி வைத்துவிட்டு அதற்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு அபத்தம் என்று எனக்குத் தெரியும். பின்னால் விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவுக்கென்று கேட்டவர்கள் ஒதுக்கியதைவிடக் குறைவு. இலங்கையிலேயே இருக்கிறோம் என்றவர்கள் ஒதுக்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்கு எழுதியவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

விண்ணப்பம் குடும்பம் குடும்பமாகத்தான். அத்தை 1967-இல் கல்யாணமாகி மாமா குடும்பத்தில் சேர்ந்துவிட்டார். மாமா வீட்டில் இலங்கைக்குக் கேட்டார்கள். தாத்தா “நம்ம ஊரு” என்று துறையூர் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே வளர்ந்தவர், இந்தியாவுக்குக் கேட்டார். அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம். முன்பு கப்பல் தனுஷ்கோடிக்குத்தான் போகும். ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகுமுன் அடித்த புயல் அந்த ஊரையே எடுத்துக்கொண்டுபோய்விட்டது.

அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாயிக்கு எழுதத் தெரியாது. அத்தைக்குக் கடிதம் எழுதுவது அப்பாவின் வேலையானது.

2018-இல் நான் அட்டனுக்குப் போனேன். அத்தை 1996-இலேயே இறந்திருந்தார். அத்தை மகன், எனக்கு அத்தான், ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். பதினோரு நீல நிற ஏரோகிராம். எல்லாம் அப்பாவின் பள்ளிக்கூடக் கையெழுத்து. வியாபாரக் கடன் வாங்கிக் கடை வைத்திருக்கிறோம், நன்றாகப் போகிறது. வீடு கட்டுகிறோம். அம்மா சுகம்.

அத்தான் கோபமாகச் சொல்லவில்லை. “அம்மாவுக்கு ஒரு மனக்குறை இருந்துச்சு தம்பி. அங்கிட்டு வசதியா இருக்காங்க, நம்மள மறந்துட்டாங்கன்னு.”

எனக்குத் தெரிந்த கதை வேறு. கடை ஒரு வருஷம் தாங்கவில்லை. கொழுந்து பறிப்பதும் கவ்வாத்தும் தவிர வேறெதுவும் தெரியாத குடும்பம் மளிகைக் கடை வைத்து என்ன செய்யும்? ஊரில் “சிலோன்காரங்க” என்று தள்ளியே வைத்தார்கள். கடைசியில் கோத்தகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலைக் கூடையைத்தான் தூக்கினார்கள். வீடு கட்டியது 1991-இல்.

அத்தையின் பதில் கடிதங்கள் எங்களிடம் இல்லை, வீடு மாறியதில் தொலைந்தன. அதிலும் “நாங்கள் நலம்” என்றுதான் இருக்கும் என்று அப்பா சொல்வார். 1973, 74-இல் மலையகத்தில் உணவுப் பஞ்சம். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். அத்தானின் அக்கா ஒருத்தி அப்போது குழந்தை. அவள் இல்லாமல் போனதை அத்தை எழுதவில்லை. இல்லை, எழுதி, அதை அப்பா படித்துக் காட்டவில்லையா? இதை மட்டும் நான் அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.

ஊர் திரும்பி, போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பதினொன்றையும் படித்தார்.

“அம்மா வேற சொல்லும்பா. வந்தது தப்புன்னு எழுதுடாம்பாங்க. எழுதினா அக்கா அழுவுமே. தபால்காரர் வாங்கிட்டுப் போறதுக்குள்ள நானா எதையாவது எழுதி ஒட்டிடுவேன்.”

1983 கலவரத்துக்குப் பிறகு கடிதம் வரவில்லை. அடுத்த வருஷம் கப்பலும் நின்றது. அப்பாயி 2004-இல் போய்ச் சேரும்வரை ஆறு பேர் கணக்கை விடவில்லை.

அத்தானின் நம்பரைக் கேட்டு வாங்கிய அப்பா, இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டார். இருபது நிமிஷம் மழையைப் பற்றியே பேச்சு. அங்கே பெய்கிறதா, இங்கேயும் பெய்கிறது, கொழுந்து எப்படி, கிலோ என்ன விலை. நான் எழுந்து வெளியே போகலாம் என்றிருந்தபோது அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“மாப்ள, அந்தக் கடை... அத ஒரு வருஷத்துலயே மூடிட்டோம்.”