1976 மார்ச் 23: மன்னார் வளைகுடா ஒப்பந்தமும் முத்துக்குளித்துறையும்

தமிழ்நாட்டில் இலங்கையுடனான கடல் உறவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது கச்சத்தீவில் போய்த்தான் நிற்கிறது. சட்டமன்றத் தீர்மானம், உச்ச நீதிமன்ற வழக்கு, தேர்தல் மேடை எல்லாவற்றிலும் கச்சத்தீவு இலங்கைக்கு விடப்பட்ட 1974 ஒன்றே ஆண்டு. திருச்செந்தூருக்குச் சற்றுத் தெற்கே ஆலந்தலையில் வலையை உதறிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பேச்சில் பாதிகூடப் பொருந்தாது. கச்சத்தீவு ராமேசுவரத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணைப் பக்கம் இருக்கிறது. ஆலந்தலைக்கு முன்னால் கிடப்பது மன்னார் வளைகுடா. அந்த வளைகுடாவைப் பங்கிட்ட ஒப்பந்தம் வேறு. 1976 மார்ச் 23இல் கையெழுத்தான அதை நம் எழுத்துகள் கச்சத்தீவின் அடிக்குறிப்பாகவே நடத்தி வந்திருக்கின்றன. இந்த வளைகுடாவை ஒட்டிய முத்துக்குளித்துறை மக்களைப் பொறுத்தவரை அதுவே மூல ஆவணம். எல்லை வரைந்ததை அதன் பிழையாக நான் கருதவில்லை. எல்லையோரம் பிழைக்கும் சிறுபடகுக்காரருக்கு ஒரு வரிகூட எழுதாமல் விட்டதே பிழை என்பது என் வாதம்.

ஒப்பந்தத்தின் பிரிவுகளில் சிக்கல் ஏதும் இல்லை. இரு கரைக்கும் நடுவாகச் செல்லும் கோட்டை மன்னார் வளைகுடாவில் 13 புள்ளிகள் குறிக்கின்றன. அதே ஆண்டு ஜூலையில் இரு நாடுகளும் மாலத்தீவும் சேர்ந்து மூன்று நாட்டுக் கடலும் சந்திக்கும் புள்ளி ஒன்றை முடிவுசெய்தன. நவம்பரில் இந்திய–இலங்கைக் கோடு அதுவரை நீட்டப்பட்டது. ஒருவர் படித்தே ஆகவேண்டியது இவற்றோடு இணைந்த கடிதத்தை. மார்ச் 23 அன்றே இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கை வெளியுறவுச் செயலர் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் அதை மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டுப் படகும் மீனவரும் மற்ற நாட்டின் வெளிப்படையான அனுமதி இன்றி அதன் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று சொல்வது இந்தக் கடிதந்தான்.

அந்தத் தடைக்கு விதிவிலக்கும் அதே கடிதத்தில் உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மீன்வளப் பரப்பு இந்தியாவுக்கு உரியது என்று ஒப்புக்கொண்ட இலங்கைக்கு, இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை நிறுவியபின் மூன்றாண்டு வரை சலுகை தரப்பட்டது. ஆறு கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடிக்கலாம். அந்தக் காலம் முடிந்தபின் இலங்கை விரும்பினால், ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 2,000 டன் மீனை இந்தியா விலைக்குக் கொடுக்கும். கப்பலின் எண்ணிக்கை, டன் கணக்கு, ஆண்டுக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. எல்லைக்கோட்டுக்கு விலக்குக் கொடுக்கவே முடியாது என்று அன்று யாரும் நினைக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. பெரிய கப்பலுக்குக் கிடைத்த விலக்கு, பாய் விரித்துப் போன வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் கிடைக்கவில்லை.

அது ஏன் என்று கேட்டால், காலத்தைப் பார்க்கவேண்டும். நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அரசு கலைந்த 52ஆம் நாள் கடிதம் கைமாறியது. 1974இல் கச்சத்தீவை விட்டுக்கொடுத்ததற்கு எதிராகத் தீர்மானம் போட ஒரு சட்டமன்றமாவது இருந்தது. மன்னார் வளைகுடா பங்கிடப்பட்டபோது அதுவும் இல்லை. 1976 பற்றிய நம் பொது நினைவு மங்கலாக இருப்பதற்கு இந்த மௌனம் முதன்மைக் காரணம் என்றே கருதுகிறேன்.

இந்த வளைகுடா அதற்குமுன் பங்கிடப்படாமல் இருந்ததில்லை. ஆனால் பங்கின் அளவை வேறு. இங்கே கடலைக் கணக்கிட்ட அலகு பார். கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டுக்குக் குளியாட்கள் இட்ட பெயர் அது. நம் பக்கம் தோளாயிரம் பார். இலங்கைப் பக்கம் பெரிய பார், செவ்வல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார். இரு கரையிலும் பெயர்கள் தமிழே. சிப்பி விளைந்த பருவத்தில் கூடும் முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். டச்சுக்காரர் காலத்துச் சலாபங்களில் மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவர் சாதித் தலைவருக்கு இத்தனை கல் என்று உரிமை வகுக்கப்பட்டிருந்தது. கல் என்பது குளிகல். கயிற்றில் கட்டிய அந்தக் கல்லில் காலை வைத்து மூச்சடக்கிக் குளியாள் அடிக்குப் போவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பான். அரசர்களின் பங்கு, இறங்கும் மனிதனைக் கொண்டே எண்ணப்பட்டது.

ஆங்கிலேயர் காலத்து இலங்கைச் சலாபத்தில் பங்கு பிரித்த முறையை விரிவாகச் சொல்லவேண்டும். அரிப்பிலும் மரிச்சுக்கட்டியிலும் தோணிகள் கரை சேர்ந்ததும், சிப்பியைக் கொட்டு எனப்படும் அடைப்புக்குள் சுமந்துபோய் மூன்று குவியலாக வைப்பார்கள். குவிப்பவன் குளியாள். அரசுக்குரிய இரண்டு குவியலைச் சுட்டுபவர் அதிகாரி. மிஞ்சிய ஒரு குவியல், அதாவது மூன்றில் ஒரு பங்கு, குளியாளுக்கு. எந்த இரண்டைச் சுட்டுவார் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகக் குவிப்பதே குளியாளுக்கு நல்லது. இலங்கை அரசின் அந்தச் சலாபத்தில் இறங்கியவர்களில் கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளியாட்களும் ஏராளம். அக்கரைப் பாரில் இக்கரைக்காரன் இறங்குவதற்கு ஏற்பாடு இருந்தது. அவன் கூலிக்கும் கணக்கு இருந்தது.

அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கிறித்தவத்தைத் தழுவியதே இந்தப் பார்களின்மேல் நடந்த போட்டியால்தான். 1544 செப்டம்பரில் பிரான்சிசு சவேரியார் ஆலந்தலையிலிருந்து தம் தோழர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். அக்காலத்துக் கடிதங்களில் கரையூர் மக்களின் அச்சமும் ஓட்டமுமே மிகுதி. அதே ஆண்டு மன்னாரில் மதம் மாறியவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்றான். 1560இல் போர்த்துக்கீசியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டி, புன்னைக்காயல் பரதவர் சிலரை அங்கே குடியேற்றினர். 1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றும் டச்சுக்காரர் கைக்குப் போயின. தூத்துக்குடிக் கரை கொழும்பின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. ஒரே ஆட்சியின் கீழ் இரு கரை என்பது குளியாளுக்குச் சுகமாக இருந்ததில்லை. ஆனாலும் ஆண்டவர் எவரும் அவனைக் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை. அவன் இறங்காமல் முத்து இல்லை.

வளைகுடா இரு நாடாகப் பிரிந்த விதை 1802இல் விழுந்தது. 1796இல் இலங்கைக் கரையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் முதலில் அதைச் சென்னையிலிருந்தே ஆண்டார்கள். 1802இல் இலங்கை நேரடி முடியாட்சிக் குடியேற்றமாக, சென்னை கிழக்கிந்தியக் கும்பெனியிடமே நின்றது. ஒரே பேரரசின் இரு அலுவலகங்கள் தத்தம் பார்களைக் காக்க ஆரம்பித்தன. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாலும் கடலடியை ஓர் அரசு உரிமை கொள்ளலாமா என்ற கேள்விக்கு, உலகச் சட்ட நூல்கள் எடுத்துக்காட்டியது இந்த வளைகுடாவைத்தான். 1758இல் வாட்டெல் இலங்கையின் முத்துப் பார்களைச் சொத்தாகக் கொள்ளலாம் என்றார். 1923இல் கடலடி யாருக்குச் சொந்தம் என்று எழுதிய செசில் அர்ஸ்ட்டும் இவற்றை எடுத்துப் பேசினார். உலகத்துக்குக் கடலடி உரிமையைக் கற்றுக்கொடுத்த மக்கள், தம் கடலின் உரிமை எழுதப்பட்டபோது அவையில் இல்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

1921 அக்டோபரில் கொழும்பில் சென்னை, இலங்கை அதிகாரிகள் உட்கார்ந்து பேசினார்கள். கச்சத்தீவு விவாதத்தில் இந்தக் கூட்டத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே பேச எடுத்துக்கொண்டது மீன்பிடி எல்லை. முத்தும் சங்கும் அளவுக்கு மீறி எடுக்கப்படாமல் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பிரதேச உரிமையை அந்த மீன்பிடிக் கோடு பாதிக்காது என்று இந்தியத் தரப்பு பதிவுசெய்தது. நாட்டின் எல்லை வேறு, மீன்பிடிப்பின் எல்லை வேறு என்ற தெளிவு அன்று இருந்தது. அந்த உடன்பாடு உறுதிசெய்யப்படாமலே கிடந்துபோனது. 1976இல் இரண்டும் ஒரே கோடாகின.

இரண்டையும் பிரித்து எழுதிய அண்டை நாடுகள் உண்டு. 1952இல் சிலி, எக்வடோர், பெரு மூன்றும் 200 மைல் கடலுக்கு உரிமை கோரின. இரண்டே ஆண்டில், கருவியும் கடல்நூல் பயிற்சியும் போதாத சிறுபடகுகள் தெரியாமல் எல்லை தாண்டுவதும் அதனால் மனக்கசப்பு வருவதும் கண்டு, 1954 டிசம்பரில் லிமாவில் ஓர் ஒப்பந்தம் செய்தன. கரையிலிருந்து 12 மைலுக்கு அப்பால், எல்லைக்கோட்டின் இருபுறமும் பத்துப் பத்து மைல் அகலத்துக்கு ஒரு மண்டலம்; அதற்குள் சிறுபடகு தற்செயலாக வந்தால் அது மீறல் ஆகாது. வேண்டுமென்றே மீன்பிடிக்கும் உரிமையை அது தரவில்லை. இந்தச் சலுகையால் எல்லை பலவீனப்பட்டதா? பெருவுக்கும் சிலிக்கும் இடையே நடந்த வழக்கில் 2014இல் சர்வதேச நீதிமன்றம், எல்லை ஒன்று ஏற்கெனவே இருந்தது என்பதற்கு இந்த ஒப்பந்தத்தையே ஆதாரமாகக் கொண்டது. டோரஸ் நீரிணையில் ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் 1978 டிசம்பரில் இன்னும் ஒருபடி போயின. கடலடிக்கு ஒரு கோடு, மீன்பிடிப்புக்கு வேறொரு கோடு, இரு கரைப் பழங்குடியினரும் வந்துபோய்ப் பிழைக்க ஒரு பாதுகாப்பு மண்டலம். அதுவும் முத்துச்சிப்பிக்குப் பேர்போன கடல். நம் கடிதம் எழுதப்பட்டு மூன்றாண்டு முடியுமுன்னே இது நடந்தது.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தவிர்க்க எனக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போகும் இழுவைமடி விசைப்படகுகள் வட இலங்கை மீனவரின் கடலடியை அரித்து, வலைகளை அறுத்துப் போகின்றன. அவர்களும் தமிழர், போரில் எல்லாம் இழந்து கடலுக்குத் திரும்பியவர்கள். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது நியாயமே. நம் கரையிலும் இதே சண்டைதான். விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்ற 1983ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டுப்படகுக்காரரின் மோதல்களுக்குப் பின்னரே வந்தது. ஆகவே நான் கேட்கும் விலக்கு விசைப்படகுக்கு அன்று. ஆலந்தலை நாட்டுப்படகு அன்றாடம் அந்தக் கோட்டை எட்டுவதும் இல்லை. கச்சான் காற்று மிஞ்சி, எஞ்சின் நின்று, வழிவலையோடு படகு நீரோட்டத்தில் போகும் இரவுக்குத்தான் அந்த ஒரு வரி வேண்டும்.

உயிரினங்களுக்கும் பொது ஏற்பாடு வேண்டும். இந்தியா 2001இல் கடலட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துத் தடுத்துவிட்டது. இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கலாம். ஒரே வளைகுடா, ஒரே உயிரினம், இரண்டு சட்டம். நடுவில் கடத்தல் பிழைக்கிறது. முத்துச்சிப்பியின் குஞ்சு சில வாரம் நீரோட்டத்தில் மிதந்த பிறகே பாரில் ஒட்டும். இக்கரையின் கடைசிச் சலாபங்கள் 1955க்கும் 1961க்கும் இடையே நடந்தன. பார் மீளவேண்டுமானால் இரு அரசும் சேர்ந்தே காக்கவேண்டும்.

2012 இலங்கைக் குடிக்கணக்கில் பரதர் தனி இனமாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கரையிலிருந்து வணிகத்துக்குப் போய்த் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இரு கரைக்கும் இடையே உறவைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

1976 எல்லைக்கோட்டை மாற்றுமாறு நான் கேட்கவில்லை. கடிதத்தைத் திருத்துமாறு கேட்கிறேன். செயலர்கள் இருவர் மாற்றிக்கொண்ட கடிதத்தை, செயலர்கள் இருவர் மாற்றிக்கொள்ளும் இன்னொரு கடிதத்தால் திருத்தலாம். தற்செயலாக வரும் சிறுபடகைச் சிறைப்படுத்தாமல் திருப்பியனுப்பும் ஒரு மண்டலம், இழுவைமடிக்கு இருபுறமும் முழுத்தடை, பார்களுக்கு ஒரு கூட்டுக் கணக்கெடுப்பு ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். அந்த வரைவை எழுதும் மேசையில் ஆலந்தலையிலிருந்து ஒருவரும் அக்கரை வங்காலையிலிருந்து ஒருவரும் உட்காரவேண்டும். சென்னை அரசும் தில்லியும் இதை மீன்வளத்துக்கான இந்திய–இலங்கைக் கூட்டுப் பணிக்குழுவின் அடுத்த கூட்டத்திலேயே கேட்கவேண்டும்.