கங்காவுக்கு இரண்டு அம்மா

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. நல்ல மழை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள் ஒரு காலேஜ் பெண். முன்பின் தெரியாத ஒருத்தன் காரில் ஏறச் சொல்கிறான். தயங்கித் தயங்கி ஏறுகிறாள். காரிலேயே அவளிடம் உறவு கொண்டுவிட்டு, வீட்டுப் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான்.

விஷயம் தெரிந்ததும் அம்மா அடிக்கிறாள், அழுகிறாள். அப்புறம் பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டி, இனி நீ சுத்தம் என்று தேற்றி, விஷயத்தை அங்கேயே புதைத்துவிடுகிறாள். சீதைக்கு நெருப்பு, இவளுக்குத் தண்ணீர்.

வாசகர்கள் கொதித்துப் போனார்கள். ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று சண்டை. முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் கேட்ட தீர்ப்பையே நிறைவேற்றிக் காட்டினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். இதில் அம்மா ஊரறிய அலறிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். சிறுகதையில் பெயரில்லாத பெண்ணுக்கு இங்கே கங்கா என்று பெயர். அவளைப் படிக்க வைத்த மாமாவே அவளிடம் தப்பாக நடக்கப் பார்க்கிறார். இதற்கு நடுவே அவள் பத்திரிகையில் ஒரு கதை படிக்கிறாள். ‘அக்கினிப் பிரவேசம்’தான்! தனக்குக் கிடைக்காத அம்மாவை அந்தக் கதையில் பார்க்கிறாள்.

நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாதெமி விருது. பீம்சிங் இயக்கத்தில் படமானபோது கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. மன்னிக்கப்பட்ட பெண்ணைச் சகிக்க முடியாத நமக்கு, தண்டிக்கப்பட்டவள் மேல் இரக்கம் வந்துவிட்டது.

ஒன்று கவனிச்சீங்களா? அந்தச் சண்டையைப் பற்றி இன்றைக்குப் பேசினாலும் அவள் ஏன் ஏறினாள், அம்மா ஏன் மன்னித்தாள் என்பதிலேயே நிற்கிறோம். கார்க்காரனுக்கு என்ன தண்டனை என்று கேட்பது அபூர்வம்.

கதைதானே, என்ன வேணா சொல்லலாம்னு தோணும். ஆனால் விகடன் போன வீடுகளிலும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அப்பாவும் அண்ணனும் அந்தக் கதையைப் பற்றிப் பேசியது அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். நாளைக்கு நமக்கு ஒன்று நடந்தால் வீட்டில் சொல்லலாமா, கூடாதா என்பதை அப்போதே முடிவு செய்திருப்பார்கள்.