செட்டிக்குளத்து வெங்காயமும் செட்டிநாட்டு மண்டியும்

தலைப்பைப் பார்த்துட்டு ரெண்டும் ஒரே ஊருன்னு நினைச்சுடாதீங்க மக்களே. செட்டிக்குளம் இருக்கிறது பெரம்பலூர் மாவட்டத்துல. எங்க பள்ளத்தூர் காரைக்குடி பக்கம்.

எங்க பக்கத்துச் சமையல்ல வெங்காயக் கோசுக்கும் மண்டிக்கும் சின்ன வெங்காயம்தான் உயிர். அரிசி கழுவின தண்ணியில புளி கரைச்சு வைக்கிற மண்டியில பல்லாரியைப் போட்டுப் பாருங்க, சப்புன்னு போயிடும். (கர்நாடகத்துப் பெல்லாரிதான் நம்ம வாயில பல்லாரி ஆச்சு. இலங்கைத் தமிழர்கள் பெரிய வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம்ங்கிறாங்க. எங்க போனாலும் அது வெளியூர்க்காரன்தான்!)

ஆனா கண்மாயை நம்பி நெல் போடுற சீமை எங்களுது. சின்ன வெங்காயம் திருச்சி, திண்டுக்கல் மண்டி வழியாத்தான் வந்து சேரணும். சமையல் பேரு செட்டிநாட்டுக்கு, வியர்வை பெரம்பலூர்க்காரருக்கு.

அந்த வியர்வைக்கு 2025-ல ஒரு மரியாதை கிடைச்சுது: செட்டிக்குளம் சின்ன வெங்காயத்துக்குப் புவிசார் குறியீடு. சந்தோஷம்தான். ஆனா குறியீடு பேரைத்தான் காப்பாத்தும். ரகத்தைக் காப்பாத்துறது வயலோரத்துப் பட்டறை.

விஷயம் இதுதான். நாட்டுச் சின்ன வெங்காயத்துக்கு விதைன்னா அந்த வெங்காயமேதான். ஒண்ணை ஊன்றினா மண்ணுக்குள்ள பிரிஞ்சு, ரெண்டு மாசம் சொச்சத்துல கொத்தா வரும். ஏக்கருக்குச் சுமாரா 600 கிலோ விதை வெங்காயம் வேணும். அதனால அறுவடையில ஒரு பங்கைத் தின்னாம, விக்காம, தரையில படாம உயரத்துல அடிச்ச பட்டறையில காத்தாட வச்சு அடுத்த பட்டம் வரைக்கும் காக்கணும். தாத்தா ஊன்றின வெங்காயம் பேரனுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியாத்தான்.

விலை ஏறினா பட்டறைக்கே ஆபத்து. 2019 கடைசியில வெங்காய விலை எகிறினப்போ, பெரம்பலூர் பக்கம் ஒரு விவசாயி விதைக்குன்னு வச்சிருந்த மூட்டைகளையே திருடிட்டுப் போனாங்கன்னு செய்தி வந்துச்சு. நகை திருட்டு மாதிரியில்ல, அடுத்த வெள்ளாமையையே களவாடின மாதிரி.

விதை தூவி நாத்து விடுற கோ 5 ரகத்தைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொண்டுவந்திருக்கு. சில கிலோ விதையில வேலை முடிஞ்சிடும். கடன் வாங்கி விதை வெங்காயம் வாங்குறவரை அது வேண்டாம்னு சொல்ல நமக்கு வாயில்லை. ஆனா குறியீடு வாங்கிக்கொடுத்தவங்க, பட்டறை போடவும் விதை வெங்காயம் வச்சிருக்கவும் கொஞ்சம் காசு ஒதுக்கினா, செட்டிக்குளத்து வெங்காயம் செட்டிக்குளத்துலயே இருக்கும். எங்க மண்டிக்கும் காரம் மிஞ்சும்.