மெட்டல் டிடெக்டரைக் காரில் பாதுகாப்பாக வைப்பது எப்படி?

போர்ட்டிக்சன், மோரிப் போன்ற கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகம் கண்டறியும் கருவியுடன் மணலில் நடப்பவர்களைச் சில வேளைகளில் பார்க்கலாம். பொழுதுபோக்காகத் தேடுவோரும் உண்டு. குளிக்கும்போது மோதிரத்தையோ சங்கிலியையோ தொலைத்தவர்களுக்குத் தேடிக் கொடுப்போரும் உண்டு.

கருவியின் விலை சில நூறு ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகிறது. அவ்வளவு பணம் போட்டு வாங்கியதைப் பலர் அடுத்த வாரமும் தேவைப்படுமே என்று காரின் பூட்டிலேயே விட்டுவிடுகின்றனர். நம் நாட்டு வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது ஒத்துவராது. காரில் கொண்டு போகலாம், காரிலேயே வைத்துவிடக் கூடாது. இதுதான் அடிப்படை விதி.

வெயிலில் நிற்கும் கார்

வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம், வெளியில் உள்ளதைவிட ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் அதிகமாகச் சூடேறுகிறது என்று 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் அளந்து கூறினர். அந்தச் சூட்டின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

நம் ஊரில் வெளியே 33 டிகிரி என்றால் உள்ளே 55 டிகிரியைத் தொடலாம். நேரடியாக வெயில் படும் டாஷ்போர்டு இன்னும் அதிகமாகச் சுடும். இந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் வளையும், ஒட்டுப்பசை இளகும், திரை மங்கும். எல்லாவற்றையும்விட முதலில் அடிபடுவது பேட்டரிதான்.

பேட்டரி உங்களோடு இறங்கட்டும்

மைன்லேப் ஈக்குவினாக்ஸ் போன்ற கருவிகளில் லித்தியம் அயன் பேட்டரி கைப்பிடிப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. கேரட் ஏஸ் போன்றவை சாதாரண டபுள் ஏ பேட்டரியில் இயங்குகின்றன. இரண்டுக்கும் கவனிக்க வேண்டியது வேறு வேறு.

லித்தியம் பேட்டரி தொடர்ந்து சூட்டில் கிடந்தால் அதன் ஆயுள் குறையும். பழுதான பேட்டரியாக இருந்தால் உப்பி, தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே நீண்ட நேரம் காரை விட்டுப் போவதாக இருந்தால், பேட்டரி உள்ள பாகத்தைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகே போட வேண்டும். பல வாரங்களுக்குக் கருவியை எடுக்கப் போவதில்லை என்றால் பாதி அளவு சார்ஜில் வைப்பது நல்லது. உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

டபுள் ஏ பேட்டரியில் தீ ஆபத்து குறைவு, ஆனால் கசியும். உள்ளே விட்டு மறந்துவிட்டால் கசிவு உலோக முனைகளை அரித்துவிடும். வேலை முடிந்ததும் வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள். அவற்றைச் சில்லறை, சாவியோடு சேர்த்துப் போட்டால் முனைகள் உரசிச் சூடேறும்.

உப்பும் மணலும்

கடற்கரையிலிருந்து வந்த கருவியை அப்படியே பையில் போட்டு மூடினால், உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கி வேலையைக் காட்டும். ஐந்து லிட்டர் புட்டியில் குழாய்த் தண்ணீரைக் காரிலேயே வைத்திருந்தால், கிளம்புமுன் தேடும் தட்டையும் தண்டையும் கழுவிவிடலாம். திரை உள்ள பகுதி தண்ணீர் தாங்கும் வகைதானா என்று கையேட்டைப் பார்த்த பிறகே அதன் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாங்காது என்றால் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

தட்டின் அடியில் உள்ள பாதுகாப்பு மூடியைக் கழற்றிப் பாருங்கள். இடையில் தங்கும் மணலும் ஈரமும் கருவியைப் பொய்யாக ஒலிக்கச் செய்யும். தண்டின் பூட்டுகளிலும் மணல் சேரும். வீட்டில் நிழலில் நன்கு உலர்த்திய பிறகே பையில் வைக்க வேண்டும். பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு போடுவது செலவில்லாத காப்பு.

காருக்குள் அடுக்கும் முறை

திடீர் பிரேக்கில் காருக்குள் கிடக்கும் மண்வெட்டி முன்னால் பறந்து வரும். பின் இருக்கையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

• மண்வெட்டி, மணல் அள்ளும் சல்லடை போன்ற கனமான இரும்புப் பொருள்களைப் பூட்டின் தரையில், பின் இருக்கையின் முதுகை ஒட்டிக் கிடத்தி, கயிற்றாலோ பட்டையாலோ கட்டுங்கள்.

• கூர்முனைகளுக்கு உறை போடுங்கள். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டினாலும் போதும்.

• கருவியை முடிந்தவரை பிரித்து, தட்டை மெத்தென்ற துணியில் சுற்றி மேலே வையுங்கள். அதன் மேல் வேறு எதையும் ஏற்றாதீர்கள். தட்டிலிருந்து வரும் கம்பியை இறுக்கி மடிக்காமல், தளர்வாகச் சுற்றுங்கள்.

• பைக்குள் பொத்தான் அழுந்தித் தானாக இயங்காதபடி, கருவி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தண்டை நீட்டி வைத்துக் கட்டக் கூடாது. பிரித்து, முதுகுப் பையில் அடங்கும்படி எடுத்துச் செல்வதே சரி.

திருடன் கண்ணில் படாமல்

கார் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மைவி போன்ற கார்களில் பின் கண்ணாடி வழியாகவே பூட் தெரியும். மேல் பலகையை எடுத்துவிட்டவர்கள் மீண்டும் மாட்டிக்கொள்ளுங்கள். பொருள்களைக் கிளம்பும் இடத்திலேயே அடுக்கிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாரும் பார்க்கப் பூட்டைத் திறந்து மூடிவிட்டுச் சாப்பிடப் போவது, இங்கே சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம். காரின் வெளியே கருவி நிறுவனத்தின் ஸ்டிக்கரும் வேண்டாம்.

கருவியின் வரிசை எண்ணையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் புகாருக்கு அது உதவும். வாகனக் காப்புறுதி பொதுவாகக் காருக்குள் இருக்கும் சொந்தப் பொருள்களுக்கு ஈடு தருவதில்லை. உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஏற்றக் கூடாத பொருள்கள்

பாராங்கைத் தோட்டத்தில் வைத்திருப்பது வழக்கம். ஆனால் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. கடற்கரைக்குச் சிறிய கைக்கரண்டியும் சல்லடையும் போதும். அவற்றைக் கருவியோடு ஒரே பையில் வைத்திருந்தால், சாலைத் தடுப்பில் போலீஸ் கேட்கும்போது விளக்கம் சொல்வது எளிது.

பழைய குண்டுகள் அதைவிட ஆபத்தானவை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் (1941–1945), அவசரகாலத்திலும் (1948–1960) விட்டுப் போன குண்டுகள் தோட்டங்களிலும் ஆற்றோரங்களிலும் இன்றும் கிடைக்கின்றன. துருப்பிடித்துச் செத்துப்போனதுபோல் தெரிந்தாலும் அவை வெடிக்கக் கூடியவை. வீட்டில் காட்டலாம் என்று பூட்டில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வருவது குடும்பத்தையே பணயம் வைப்பதாகும். தொடாமல், விலகி நின்று, இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு 999க்கு அழையுங்கள்.

பழங்காலப் பொருள் என்று தோன்றும் எதையும் அப்படியே காரில் ஏற்றி வந்துவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டத்தின்படி, கண்டெடுத்தவர் அதைப் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கு போன்ற வரலாற்று இடங்களில் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம். தோட்ட நிலத்தில் தேடுவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

காரை விட்டு இறங்குமுன்

பேட்டரி கையில் இருக்கிறதா, கருவி கண்ணில் படாமல் இருக்கிறதா, இரும்புச் சாமான்கள் கட்டியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். வீடு திரும்பியதும் அன்றே எல்லாவற்றையும் காரிலிருந்து இறக்கிவிடுங்கள். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், மறுநாள் அந்தக் கார் வேலையிடத்தில் எட்டு மணி நேரம் வெயிலில் நிற்கும்.