திரிஞ்ச பாலும் ஆட்டுப்பாலும்

பிறந்த வீடு அரியலூர் பக்கம், புகுந்த வீடு பெரம்பலூர் பக்கம். நான் பிறந்தப்ப ரெண்டுமே திருச்சி மாவட்டம்தான். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது, 2007-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. ஆனால் ரெண்டு பக்கமும் ஒரு பயம் ஒன்றுபோல இருந்தது. அடுப்பில் பால் திரிந்தால் வீட்டுக்கு ஆகாது. என் மாமியார் அதை யாருக்கும் தெரியாமல் எருக்குழியில் ஊற்றிவிடுவார். அதனால்தான் தயிர், மோர், வெண்ணெய், நெய் எல்லாம் இருந்த நம்ம வீடுகளில் பன்னீர் மட்டும் இல்லை. சீம்பாலைக் காய்ச்சித் தின்பதோடு சரி.

வங்காளத்தில் ரசகுல்லாவே திரிந்த பாலில்தான் செய்கிறார்கள். அங்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் குடியேறிய போர்ச்சுக்கீசியர்கள் பாலைத் திரித்து சீஸ் செய்யும் பழக்கம் உள்ளவர்கள். பண்டேல் என்ற ஊர்ப்பெயரில் அந்த சீஸ் இன்றைக்கும் விற்கிறது.

ஆட்டுப்பாலுக்கு நம்ம பக்கம் விலையே கிடையாது. சொசைட்டியில் ஊற்ற முடியாது. குட்டி குடித்தது போக மிச்சம், சளி பிடித்த பிள்ளைக்கு ஒரு டம்ளர். 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா ஆடு, மாடு திட்டம் தொடங்கியது. எங்களுக்கும் 4 வெள்ளாடு கிடைத்தது. ஆடு பெருகியது, பால் வீணானது.

குழுவில் பன்னீர் போடலாம் என்று பேசி, முதலில் ஆட்டுப்பாலில் மட்டும் செய்தோம். புட்டுமாவு மாதிரி உதிர்ந்தது. அன்றைக்கு 4 லிட்டர் போச்சு, வீட்டில் பேச்சும் வாங்கினேன். கெட்டியாகப் பிடிக்கிற புரதம் ஆட்டுப்பாலில் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. 3 லிட்டர் பசும்பாலுக்கு 1 லிட்டர் ஆட்டுப்பால் சேர்த்தோம், நின்றது. கிரீஸ் நாட்டு ஃபெட்டா சீஸும் கலப்புதானாம், செம்மறிப்பாலில் 30 சதவீதம் வரைக்கும் வெள்ளாட்டுப்பால் சேர்ப்பார்கள்.

பால் பொங்கியதும் இறக்கிவைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சிறுகச் சிறுக விடணும். தண்ணீர் பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திடணும், அதுக்கு மேலே விட்டால் ரப்பர் மாதிரி ஆயிடும். துணியில் வடிகட்டி, பச்சைத்தண்ணீரில் அலசி, மேலே அம்மிக்குழவியை வைத்துவிடுவோம். கிடா கட்டிய கொட்டகைப் பக்கம் பால் கறக்காதீர்கள், வாடை ஏறிடும்.

மாமியார் இன்னும் பன்னீரை வாயில் வைப்பதில்லை. ஆனால் பால் திரியும்போது, "போதும்டி, கையை எடு" என்று பக்குவம் பார்த்துச் சொல்வது அவர்தான்.